"முப்பத்தஞ்சு வருஷமா நிக்குது" என்றால் போதுமா? பழைய கான்கிரீட் கட்டிடம் நிலநடுக்கத்தைத் தாங்குமா என்று பார்ப்பது எப்படி

கிருஷ்ணகிரியில் ஒரு கட்டிடத்தைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். கீழே நான்கு கடை, மேலே இரண்டு தளம் வாடகை வீடு, 1989-ல் கட்டியது. மேலே இன்னொரு மாடி போட உரிமையாளருக்கு ஆசை, அதற்கு உறுதிச் சான்று வேண்டும். செருப்பைக் கழற்றுவதற்குள்ளேயே சொல்லிவிட்டார்: "சார், முப்பத்தஞ்சு வருஷமா நிக்குது. பக்கத்துல குவாரி வெடி வெக்கறப்பகூட ஜன்னல்தான் கிடுகிடுங்கும், கட்டிடம் அசையாது. ஒரு கையெழுத்து போட்டுக் குடுத்துட்டுப் போங்க."

இந்தப் பேச்சை தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் கேட்காத வாரம் கிடையாது. அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை, ஆனால் அது வேறு கேள்விக்கான பதில். முப்பத்தைந்து வருஷமாக அந்தக் கட்டிடம் செய்தது ஒரே வேலைதான்: மேலிருந்து கீழே வரும் பாரத்தைத் தாங்கி மண்ணில் இறக்குவது. நிலநடுக்கம் கேட்பது வேறு வேலை. தரை பக்கவாட்டில் போய்வரும், மேலே இருக்கிற எடை அதோடு வர மறுக்கும், நடுவில் மாட்டிக்கொள்வது பில்லர். குவாரி வெடியை இதற்குச் சாட்சியாகக் கூப்பிட முடியாது. வெடியின் அதிர்வு படபடவென்று வேகமாக வந்து கண் மூடித் திறப்பதற்குள் அடங்கிவிடும், கண்ணாடியையும் பூச்சையும் மட்டும் உலுக்கும். நிலநடுக்கத்தின் ஆட்டம் நிதானமானது, பல விநாடிகள் நீடிப்பது, மொத்தக் கட்டிடத்தையும் அடியிலிருந்து தள்ளி இழுப்பது. உங்கள் கட்டிடம் இந்தப் பரீட்சையை எழுதியதே இல்லை என்பதுதான் உண்மை நிலவரம்.

"நம்ம ஊர்ல எங்க சார் பூகம்பம்" என்பது அடுத்த கேள்வி. இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 1893-இன் 2016 பதிப்பில் ஊர்ப் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதில் தருமபுரி மூன்றாம் நிலநடுக்க மண்டலம், பெங்களூர் இரண்டாம் மண்டலம். மண்டல எண் 0.16-க்கு 0.10, அதாவது கணக்கில் எடுக்கவேண்டிய விசை நமக்கு அறுபது சதவீதம் அதிகம். பெங்களூரில் மச்சான் வீட்டுக்குப் போட்ட வரைபடத்தை அப்படியே கொண்டுவந்து இங்கே கட்டுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கவேண்டும். 1900 பிப்ரவரியில் கோவைப் பக்கம் சுமார் 6 அளவில் ஒரு நடுக்கம் வந்திருக்கிறது, 1984 மார்ச்சில் தேன்கனிக்கோட்டைப் பக்கமே 4.6 அளவில் ஒன்று. 1993-ல் லாத்தூர் குலுங்கியபோது அந்தப் பகுதி அன்றைய வரைபடத்தில் இருப்பதிலேயே குறைந்த ஆபத்துள்ள முதல் மண்டலத்தில் இருந்தது. செத்தவர்கள் ஏறக்குறைய பத்தாயிரம் பேர். பயமுறுத்த இதைச் சொல்லவில்லை, இங்கே பெரிய நடுக்கம் அடிக்கடி வராது. வராததால்தான் யாரும் பார்ப்பதில்லை, அந்த நேரத்தில் கட்டிடம் சத்தமில்லாமல் வயதாகிக்கொண்டே போகிறது.

வயதாவது என்றால் என்ன நடக்கிறது

கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணம் சிமெண்டின் காரத்தன்மை. காற்றில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு மெல்ல உள்ளே போய் அந்தக் காரத்தைக் குறைத்துக்கொண்டே வரும். பத்து வருஷத்தில் பத்து மில்லிமீட்டர் போனது என்றால் நாற்பது வருஷத்தில் இருபது மில்லிமீட்டர், ஏனென்றால் ஆழம் காலத்தின் வர்க்கமூலப்படிதான் வளரும். கம்பிக்கு மேல் கவர், அதாவது மூடியிருக்கும் கான்கிரீட், எவ்வளவு விட்டிருக்கிறார்கள் என்பதை வைத்து, அது என்றைக்குக் கம்பியைத் தொடும் என்று ஓரளவு சொல்லிவிடலாம். பில்லரில் 40 மில்லிமீட்டர் விட்டிருக்கவேண்டும். அந்தக் காலத்தில் கவர் பிளாக் வைத்தவர் யார்? ஒரு ஜல்லிக்கல்லைச் செருகிவிட்டு ஊற்றியதுதான் பாதி.

தொட்டபிறகு ஈரமும் காற்றும் கிடைத்தால் துரு. துருவின் பருமன் இரும்பைவிடப் பல மடங்கு, அதனால் உள்ளிருந்து தள்ளி, கான்கிரீட்டைக் கம்பியோடு நீளவாக்கில் பிளக்கும். எல்லோரும் பார்ப்பது பெரிய கம்பியை. எனக்குக் கவலை அந்தப் பெரிய கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்கைப் பற்றி. பழைய கட்டிடங்களில் ரிங் 6 மில்லிமீட்டர் கம்பி, அதுதான் வெளியே இருப்பது, அதனால் முதலில் துருப்பிடிப்பதும் அதுவே. சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் தின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 16 மில்லிமீட்டர் கம்பி 14 ஆகும், பரப்பில் இழப்பு நான்கில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் குறைவு, பரவாயில்லை. அதே ஒரு மில்லிமீட்டர் 6-ஐ 4 ஆக்கும், பாதிக்குமேல் காலி. மேலிருந்து வரும் பாரத்துக்கு ரிங்கின் வேலை குறைவு, எனவே கட்டிடம் ஒன்றும் சொல்லாமல் நின்றுகொண்டே இருக்கும். பக்கவாட்டில் ஆடும்போது பில்லர் வெட்டுப்படாமலும், நடுவில் இருக்கும் கான்கிரீட் சிதறாமலும், பெரிய கம்பி வெளியே வளைந்து பிதுங்காமலும் இறுக்கிப் பிடிப்பது ரிங் மட்டும்தான். உரிமையாளரின் முப்பத்தைந்து வருஷக் கணக்கு தோற்கும் இடம் இதுதான்.

இனி வேலைக்கு வருவோம்.

முதலில் கேளுங்கள், சுத்தியலை அப்புறம் எடுக்கலாம்

எந்த வருஷம் கட்டியது என்பது முதல் கேள்வி. 2000-க்கு முந்தையது என்றால் கான்கிரீட் எம்15, அதாவது 1:2:4 கலவை என்றே மனதில் வைத்துக்கொள்ளுங்கள் (எண் நசுக்கு வலிமையைச் சொல்வது, சதுர மில்லிமீட்டருக்கு இத்தனை நியூட்டன் என்று). எம்20-க்குக் கீழே கம்பி போட்ட கான்கிரீட்டே கூடாது என்று ஐ.எஸ். 456 சொன்னது 2000-ல்தான். ஆட்டத்துக்கு ஏற்றபடி கம்பி கட்டும் முறையைச் சொல்லும் ஐ.எஸ். 13920 வந்தது 1993-ல், அது நம் ஊர் மேஸ்திரி கைக்கு வந்து சேர்ந்தது எப்போது என்று கேட்காதீர்கள். கம்பி பிளைன் கம்பியா, முறுக்குக் கம்பியா, டி.எம்.டி.யா? முறுக்குக் கம்பிக்கு பிடிமானம் நல்லது, துரு மட்டும் சீக்கிரம் ஏறும்.

கலவைக்கு எந்தத் தண்ணீர் ஊற்றினீர்கள் என்றும் கேளுங்கள். நம் போர்வெல் தண்ணீரில் ஃப்ளோரைடு என்று எல்லோருக்கும் தெரியும், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்தது. கம்பிக்கு எமன் ஃப்ளோரைடு அல்ல, குளோரைடு. உப்புக் கரிக்கும் தண்ணீரில் கட்டியிருந்தால் காரம் குறையும் முன்பே துரு ஆரம்பித்திருக்கும். லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கும் தண்ணீரைக் கம்பி போட்ட கான்கிரீட்டுக்குப் பயன்படுத்தக்கூடாது. அதே போர்வெல் இன்னும் ஓடுகிறது என்றால் ஒரு பாட்டிலில் பிடித்துச் சோதனைக்குக் கொடுத்துவிடுங்கள்.

கட்டியபிறகு என்னென்ன மாற்றினீர்கள் என்பதுதான் இருப்பதிலேயே முக்கியமான கேள்வி, யாரும் ஒரே தடவையில் உண்மை சொல்லமாட்டார்கள். "ஒண்ணும் மாத்தலைங்க" என்பார், மொட்டை மாடிக்குப் போனால் இரண்டு தொட்டி, ஒரு ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை, ஒழுகுகிறது என்று பழைய சுருக்கித் தளத்தின் (செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டது) மேலேயே இன்னொரு சுருக்கி, அதன் மேல் தட்டு ஓடு. ஆயிரம் சதுர அடி மாடியில் நான்கு அங்குலம் கூடுதலாகப் போட்டால் பதினைந்து டன்னுக்கு மேல் எடை. ஆட்டத்தின்போது வரும் விசை எடையைப் பொறுத்தது, அதுவும் உச்சியில் இருக்கும் எடைதான் ரொம்பப் படுத்தும். கீழே கடைக்காரர் இடம் பற்றவில்லை என்று நடுச்சுவரை இடித்தாரா என்பதை வீட்டுக்காரரிடம் கேட்பதைவிட டீக்கடையில் விசாரித்தால் சீக்கிரம் தெரியும்.

அப்புறம் மண். கிருஷ்ணகிரியைச் சுற்றி நாலடி தோண்டினாலே பாறை தட்டும் இடங்கள் நிறைய, அது நல்ல விஷயம். ஆனால் ஏரி உள்வாயில் மண்ணடித்து மனை போட்ட இடங்களும் உண்டு, ஊர்ப் பெரியவர்களுக்கு அது நன்றாக நினைவிருக்கும். மெத்தென்ற மண் ஆட்டத்தைப் பெரிதாக்கும். ஒரே கட்டிடத்தின் பாதி பாறையிலும் பாதி நிரப்பிய மண்ணிலும் நின்றால் இன்னும் மோசம்.

சுற்றி வந்து பார்ப்பது

எதிர்ச்சாரியில் நின்று மொத்தமாகப் பாருங்கள். நம் ஊர்க் கடைவீதிக் கட்டிடத்தின் அச்சு ஒன்றுதான்: முன்பக்கம் முழுக்க ஷட்டர், பின்பக்கம் முழுக்கச் சுவர், மேல் தளங்களில் அறை அறையாகச் செங்கல். மேலே விறைப்பு, கீழே வெறும் கால்கள். 2001 ஜனவரி 26 பூஜ் நடுக்கத்தில், மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் விழுந்ததற்கு, வண்டி நிறுத்த கீழ்த்தளத்தை இப்படி வெறுமையாக விட்டது ஒரு பெரிய காரணம். நம்முடையதில் முன்பக்கம் திறந்தும் பின்பக்கம் மூடியும் இருப்பதால் கட்டிடம் ஆடுவதோடு முறுக்கிக்கொள்ளவும் பார்க்கும், முறுக்கலில் அதிகம் அடிபடுவது ரோட்டோரப் பில்லர்கள். கீழ்த்தளத்தின் விறைப்பு மேல்தளத்தைவிடக் குறைவாக இருந்தாலே அதை மென்தளம் என்று கணக்கில் எடுக்கச் சொல்கிறது 2016 பதிப்பு.

பக்கத்துக் கட்டிடத்துக்கும் இதற்கும் இடைவெளி இருக்கிறதா? பெரும்பாலும் ஒரு விரல்கூடப் போகாது. அவர்கள் தளமும் நம் தளமும் ஒரே மட்டத்தில் இருந்தால் மோதினாலும் தளத்தோடு தளம் மோதும். மட்டம் மாறியிருந்தால் அவர்கள் தளம் நம் பில்லரின் நடு வயிற்றில் இடிக்கும். படிக்கட்டின் நடு லேண்டிங் பீம் ஒரு பில்லரில் பாதி உயரத்தில் சேர்கிறதா, அரைச் சுவர் கட்டி மேலே ஜன்னல் விட்ட பள்ளிக்கூட மாதிரி வரிசை இருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். உயரம் குறைந்த பில்லர் விறைப்பு அதிகம் என்பதால் விசையை எல்லாம் தன்னிடம் இழுத்துக்கொண்டு வெட்டுப்படும்.

விரிசலைப் படிக்கவும் கொஞ்சம் பழகவேண்டும். பில்லரில் மேலிருந்து கீழாக நேர்க்கோட்டில் ஓடி, ஓரத்தில் பழுப்புக் கறை இருந்தால் துரு. ஸ்லாப் அடியில் கம்பிகளின் கட்டம் கட்டமாகக் கோடு தெரிந்தாலும் அதே. சுவரில் சாய்வாகப் படிக்கட்டு மாதிரி போனால் பெரும்பாலும் கடக்கால் இறங்கியது. பூச்சில் சிலந்தி வலை மாதிரி இருப்பதை விட்டுவிடுங்கள். கழிவறைக்கு அடியில் இருக்கும் ஸ்லாப், தொட்டிக்குக் கீழே இருக்கும் பில்லர், மழைக்குழாய் உடைந்து நனையும் மூலை, வருஷக்கணக்கில் ஓதம் ஏறிய தரையோர அடி, இந்த நான்கு இடத்தையும் கையால் தொட்டுப் பார்க்காமல் திரும்பக்கூடாது. சின்ன சுத்தியலால் தட்டிக்கொண்டே வாருங்கள், மண்பானை மாதிரி வெத்துச் சத்தம் கேட்கிற இடமெல்லாம் உள்ளே விட்டுப்போயிருக்கிறது. சாக்பீஸால் வட்டம் போட்டுப் புகைப்படம் எடுங்கள்.

விரிசல் வளர்கிறதா என்று தெரியவேண்டுமா, மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றைக் குறுக்கே சிமெண்ட் வைத்து ஒட்டி, தேதி எழுதிவிடுங்கள். ஒரு வெயிலும் ஒரு மழையும் தாண்டியபிறகு கண்ணாடி உடைந்திருந்தால் விரிசல் உயிரோடு இருக்கிறது.

உடைத்துப் பார்ப்பதும் சோதனைகளும்

இதற்கு மேல் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் கூட இருக்கவேண்டும், நீங்களே கடப்பாரையை எடுக்காதீர்கள். இரண்டு மூன்று பில்லரில், தரையிலிருந்து ஒன்றரை அடிக்குள்ளும் பீமுக்குச் சற்றுக் கீழேயும், கவரை மட்டும் ஒரு கை அகலத்துக்கு உடைக்கச் சொல்லுங்கள். ஆட்டத்தில் பில்லர் அதிகம் வளையும் இடம் இந்த இரண்டு முனைகள்தான். ரிங் எத்தனை அங்குலத்துக்கு ஒன்று? இன்றைய விதிப்படி முனைகளில் 100 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது, பழையதில் எட்டு ஒன்பது அங்குலம் சர்வ சாதாரணம். ரிங்கின் கொக்கி 135 பாகை உள்பக்கம் மடங்கியிருக்கவேண்டும். வெறும் 90 பாகையில் மடித்திருந்தால் கவர் உதிர்ந்த மறுநொடி அது பிரிந்துகொள்ளும். பில்லரும் பீமும் சேரும் முடிச்சுக்குள் ரிங் இருக்கிறதா என்றும் பார்க்கலாம், நான் பார்த்த பழைய கட்டிடம் எதிலும் இருந்ததில்லை. வெளியே வந்த கம்பியைக் கம்பி பிரஷால் தேய்த்துவிட்டு வெர்னியரால் அளவெடுங்கள், துருவோடு அளந்தால் கம்பி குண்டாகத் தெரியும்.

உடைத்த புதிய முகத்தில் உடனே பினாப்தலீன் தெளிக்கவேண்டும், பள்ளிக்கூட ரசாயன வகுப்பில் பார்த்த அதே திரவம்தான். ரோஸ் நிறமானால் காரம் இருக்கிறது, நிறம் மாறாவிட்டால் போய்விட்டது. நிறமில்லாத பட்டை எத்தனை மில்லிமீட்டர் என்று ஸ்கேலில் அளந்து கவரோடு ஒப்பிடுங்கள். செலவே இல்லாத சோதனை இது, அறிக்கைகளில் ஏன் இவ்வளவு அபூர்வமாக வருகிறது என்பது எனக்கு இன்னும் புரியவில்லை.

பதிலாக எல்லோரும் கொண்டுவருவது ரீபவுண்ட் ஹேமர், மேல்பரப்பில் தட்டித் துள்ளலை வைத்து வலிமை சொல்லும் கருவி. அதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. காரம் போன மேல்தோல் இறுகிக் கெட்டியாகும், அதனால் பழைய கான்கிரீட்டில் ஹேமர் அதிக எண் காட்டும். எம்15 எம்25 ஆகத் தெரியும், உரிமையாளர் மகிழ்வார். ஹேமரை நம்பி மட்டும் கொடுத்த அறிக்கை என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அல்ட்ராசோனிக் சோதனை உள்ளே போவதால் கொஞ்சம் தேவலை: ஒலி விநாடிக்கு மூன்றரை கிலோமீட்டருக்கு மேல் ஓடினால் நல்லது, மூன்றுக்குக் கீழே போனால் உள்ளே பொக்கை இருக்கிறது என்று சந்தேகப்படலாம். கடைசி வார்த்தை கோர், அதாவது கான்கிரீட்டைத் துளைத்து உருளைத் துண்டு, எடுப்பதுதான். கம்பி எங்கே என்று லொக்கேட்டரில் பார்த்துவிட்டு, 20 மில்லிமீட்டர் ஜல்லி என்றால் அதைப்போல் மூன்று மடங்காவது விட்டம் வருகிற மாதிரி எடுத்து, நசுக்கிப் பார்த்து, துளையைச் சுருங்காத கிரவுட்டால் அடைக்கவேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு

இருக்கும் கட்டிடங்களை மதிப்பிடுவதற்கென்றே ஐ.எஸ். 15988 என்று 2013-ல் வந்த வழிகாட்டி இருக்கிறது. அதில் முதல் சல்லடையாக ஒரு கணக்கு வரும், கிருஷ்ணகிரிக் கட்டிடத்துக்குப் போட்டுக் காட்டுகிறேன். தளத்துக்கு 100 சதுர மீட்டர், மூன்று தளம், சதுர மீட்டருக்குச் சுமார் 1.2 டன், மொத்தம் 360 டன். மூன்றாம் மண்டலத்தில், பழைய முறையில் கம்பி கட்டிய சட்டகத்துக்கு (பில்லரும் பீமும் சேர்ந்த வரிசை), இந்த உயரத்தில் பக்கவாட்டு விசை எடையில் சுமார் 6.7 சதவீதம் (0.08 × 2.5 ÷ 3; 0.08 மண்டல எண்ணில் பாதி, 2.5 இந்த உயரத்துக்கான ஆட்ட எண், 3 சட்டகத்துக்கான குறைப்பு எண்), அதாவது 24 டன். பில்லர் பன்னிரண்டு, எல்லாம் 9க்கு 12 அங்குலம், மொத்தப் பரப்பு 8,28,000 சதுர மில்லிமீட்டர். விசையை நியூட்டனாக்கி (ஒரு டன் சுமார் 10,000 நியூட்டன்) பரப்பால் வகுத்தால் 0.29. இதைப் பில்லர் எண்ணிக்கை ÷ (பில்லர் எண்ணிக்கை − அந்தத் திசையில் இருக்கும் சட்டகங்கள்) என்பதால் பெருக்கவேண்டும். நீளவாக்கில் மூன்று சட்டகம், 12 ÷ 9, விடை 0.39. குறுக்கே நான்கு சட்டகம், 12 ÷ 8, விடை 0.43. அனுமதிக்கும் அளவு 0.4, அல்லது கான்கிரீட் வலிமையின் வர்க்கமூலத்தில் பத்தில் ஒரு பங்கு, இரண்டில் எது குறைவோ அது. எம்15-க்கு 0.39.

ஆக, கான்கிரீட் புதிதாக இருந்தாலே ஒரு திசையில் விளிம்பு, மறு திசையில் தோல்வி. கோர் 12 என்று வந்தால் அனுமதியே 0.35-க்கு இறங்கிவிடும். அவர் ஆசைப்பட்ட மூன்றாவது மாடியைப் போட்டால் விசை 32 டன், விடை 0.52, குறுக்கே 0.58. இதில் துருவை இன்னும் சேர்க்கவே இல்லை. வரைபடம் கைவசம் இல்லாத கட்டிடத்துக்கு வலிமையை இன்னும் கழித்துத்தான் எடுக்கச் சொல்கிறது வழிகாட்டி. இந்தச் சல்லடையில் தோற்றால் உடனே இடிக்கவேண்டும் என்று அர்த்தம் கிடையாது. விரிவான கணினிப் பகுப்பாய்வு தேவை, அதுவும் அளந்தெடுத்த துருப்பிடித்த கம்பி அளவை வைத்து, வரைபடத்தில் எழுதியிருக்கும் அளவை வைத்தல்ல. இன்றைக்கு ஒரு தடவை, துரு இதே வேகத்தில் போனால் பத்து வருஷம் கழித்து எப்படி இருக்கும் என்று இன்னொரு தடவை, இரண்டையும் போட்டுத் தரச் சொல்லுங்கள்.

பிறகு என்ன செய்வது என்பது கட்டிடத்துக்குக் கட்டிடம் மாறும். எடை குறைப்பதுதான் எப்போதும் மலிவு: தேவையில்லாத சுருக்கியைக் கொத்தி எடுப்பது, தொட்டியைத் தரைக்கு இறக்குவது. கடைத்தளத்தில் இரண்டு திசையிலும், இரண்டு பக்கமும் சமமாக வருகிற மாதிரி கான்கிரீட் சுவர் சேர்க்கலாம். பில்லர் ஜாக்கெட்டிங், அதாவது பில்லரைச் சுற்றிப் புதுக் கம்பியும் கான்கிரீட்டும் போடுவது, செய்தால் புதுக் கம்பி ஸ்லாப்பைத் துளைத்து மேலே போகவேண்டும், கீழே கடக்காலிலும் பிடிக்கவேண்டும். தளத்தோடு நிறுத்திவிட்ட ஜாக்கெட், கிழிந்த பனியன் மேல் போட்ட கோட்டு. துருவின் மேல் பூச்சுப் பூசி பெயிண்ட் அடிப்பதை மட்டும் செய்யாதீர்கள், அடுத்து பார்க்க வருகிறவருக்கு இருந்த ஒரே தடயத்தையும் அழித்துவிடுவீர்கள்.

நம்முடையவருக்குக் கையெழுத்து கிடைக்கவில்லை. பினாப்தலீன் 28 மில்லிமீட்டர் வரை நிறமே காட்டவில்லை, கவரோ 20-தான். மாடி ஆசையைத் தள்ளிவைத்து, முதலில் தொட்டிகளை இறக்கவும், கழிவறைக் குழாயை மாற்றவும், பகுப்பாய்வுக்குக் கோர் எடுக்கவும் ஒத்துக்கொண்டார். இரண்டு நாள் பேசவில்லை, அப்புறம் அவரே போன் பண்ணி, "அந்தக் கண்ணாடித் துண்டை எங்க ஒட்டணும்னு மறுபடி சொல்லுங்க" என்றார். படிக்கட்டுப் பக்கம் மூன்று இடத்தில் ஒட்டித் தேதி போட்டிருக்கிறோம், ஐப்பசி மழை விட்டதும் போய்ப் பார்க்கவேண்டும்.